போனைப் பிடுங்கினால் லாபம் யாருக்கு? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து அனுபவங்கள்

பாலக்கோடு அக்கா:

பாலக்கோட்டில் ஆன்லைன் சேவைக் கடை நடத்துகிறேன். பகலெல்லாம் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல், கரண்ட் பில் என்று கூட்டம் ஓடும். பொழுது சாய்ந்த பிறகு வருகிறவர்கள் வேறு ஆட்கள். காலேஜ் பிள்ளைகள், பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டோடு இருப்பவர்கள், ஓசூர் கம்பெனியிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். ஒரு ஜெராக்ஸ் எடுப்பார்கள். எடுத்த பிறகும் போகாமல் நிற்பார்கள். கடையில் ஆள் குறைந்ததும் போனை நீட்டுவார்கள். கடன் ஆப், உடைந்து வந்த பார்சல், திரும்பி வராத கோச்சிங் பீஸ், ஏதோ ஒன்று. விஷயம் எதுவானாலும் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு ஒன்றுதான்: "அக்கா, வீட்டுக்குத் தெரியக் கூடாது."

ஏமாற்றுகிறவன் பிழைப்பதே இந்த ஒரு வரியை நம்பித்தான் என்பது என் எண்ணம். ஏமாந்தது தெரிந்தால் போன் போகும், போன் போனால் காலேஜ் போகும், காலேஜ் நின்றால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் போடும் கணக்கு இது. அந்தக் கணக்கு தெரிந்தவன்தான் துணிந்து மிரட்டுகிறான்.

ஒரு பெண்ணைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஊர், காலேஜ் எதுவும் சொல்லப் போவதில்லை. 19 வயது, இரண்டாம் வருடம். பரீட்சை பீஸ் கட்ட 3,000 ரூபாய்க்கு ஒரு ஆப்பில் கடன் கேட்டிருக்கிறாள். கைக்கு வந்தது 1,800. மிச்சத்தைச் செலவுக் கணக்கு என்று முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். ஏழாம் நாள் 3,000-ஐயும் கட்டச் சொன்னார்கள், கட்டிவிட்டாள். அடுத்த நாளே, அவள் கேட்காமலேயே இன்னொரு தொகை கணக்கில் விழுந்திருக்கிறது. அதற்கும் ஒரு வாரத் தவணை. கட்ட முடியாது என்றதும் ஒரு படம் வந்தது. அவள் முகத்தை வெட்டி வேறு யாருடைய உடம்பிலோ ஒட்டிய படம். அதன் கீழே அவள் போனில் இருந்த நம்பர்களின் வரிசை. சித்தப்பா, பெரிய மாமா, வகுப்பு ஆசிரியை, பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாயி வரைக்கும் எல்லாரும் அதில் இருந்தார்கள். "சாயங்காலம் 6 மணிக்குள் கட்டு, இல்லையென்றால் இவர்கள் எல்லாருக்கும் போகும்."

கடைக்கு வரும்போது காதில் தோடு இல்லை. கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். அடகுக் கடை எது என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

முதலில் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். மிரட்டல் வந்த நம்பர்கள், பணம் கேட்ட யுபிஐ ஐடி, பணம் வந்ததும் போனதுமான தேதி, பரிவர்த்தனை எண், ஆப்பின் பெயர். இதையெல்லாம் எடுத்த பிறகுதான் ஆப்பைத் தூக்கினோம். அவசரப்பட்டு முதலிலேயே அழித்துவிட்டால் சான்று போய்விடும். அப்புறம் 1930-க்கு அடித்தோம். அது சைபர் குற்ற உதவி எண். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிந்தோம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களை அந்தத் தளத்தில் பெயர் சொல்லாமலும் பதியலாம். இவளோ பெயரோடுதான் பதிவேன் என்றாள். அந்தத் தைரியம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நடுவில் அவளுக்குச் சட்டத்தையும் சொன்னேன். 2022 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடனுக்கு விதி போட்டாயிற்று. போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் கடன் ஆப் தொடவே கூடாது. பணம் வங்கியிலிருந்தோ பதிவு பெற்ற நிதி நிறுவனத்திலிருந்தோ நேராகக் கடன் வாங்கியவர் கணக்குக்கு வர வேண்டும். வட்டியும் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தாளில் காட்ட வேண்டும். அவளுக்கு வந்த ஆப் இதில் ஒன்றையும் செய்யவில்லை. மிரட்டிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 308-ஆம் பிரிவில் வரும் குற்றம். "அப்போ தப்பு பண்ணினது அவங்களாக்கா?" என்று கேட்டாள். அதுவரை அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு எண்ணமே வரவில்லை.

கஷ்டமான வேலை அப்புறம்தான் இருந்தது, வீட்டில் சொல்வது. கடையிலிருந்தே அவள் அம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அப்பாவும் கூடவே வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கையை நீட்டி, "போனைக் குடு. நாளைல இருந்து காலேஜும் வேணாம்" என்றார். நான் ஒன்றுதான் சொன்னேன். "அண்ணா, வீட்டுக்குள்ள திருடன் வந்தா பிள்ளையையா வெளியே தள்ளுவீங்க?" அவர் பேசவில்லை. அம்மா முந்திக்கொண்டார். தன் போனை எடுத்து முதலில் பெரிய மாமாவுக்கு, அப்புறம் சித்தப்பாவுக்கு, அப்புறம் ஊரில் இருக்கும் அம்மாயிக்கு என்று வரிசையாகப் பேசினார். "எம் பொண்ணு பேர்ல ஏதாவது போட்டோ வந்தா அது பொய்யி. பணம் புடுங்கறதுக்கு எவனோ பண்றான். அழிச்சுப் போட்டுட்டு நம்பரை எனக்கு அனுப்புங்க." ஒவ்வொருவரிடமும் அதே வார்த்தை, குரல் கொஞ்சமும் பிசகாமல். 6 மணி ஆனது. இரண்டு பேருக்குப் படம் வந்தது. இருவரும் அம்மா சொன்னபடியே செய்தார்கள். கொஞ்ச நாள் தொந்தரவு இருந்தது, பிறகு நின்றுவிட்டது. மிரட்டலுக்குப் பயந்து ஒரு பைசா கூடக் கட்டவில்லை. தோடு காதுக்குத் திரும்பியது. போனும் காலேஜும் அவளிடமே இருக்கின்றன.

அந்த அம்மா பத்தாவது தாண்டாதவர். அந்தச் சாயங்காலம் அவரைவிடப் பெரிய பாதுகாப்பு அந்தப் பெண்ணுக்கு இருந்திருக்காது.

நம் பக்கத்தில் பெண் பிள்ளை கையில் போன் என்றால் பெரியவர்களுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று எனக்கும் தெரியும். 2012 நவம்பரில் ஒரு கல்யாணத்தை வைத்து நாயக்கன்கொட்டாய் பக்கம் தலித் மக்களின் மூன்று குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். எரித்தது சாதிவெறி. அதற்கு அப்புறமும் ஊரில் குறை சொல்லப்பட்டது படிக்கப் போன பெண்களும் அவர்கள் கையில் இருந்த போனும்தான். குழந்தைத் திருமணம் இன்னும் நிற்காத மாவட்டம் இது. போனைப் பிடுங்குவது இங்கே சின்னத் தண்டனை கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அடிக்கக்கூட ஒரு பிள்ளைக்குப் போன் வேண்டும்.

கேரளத்தில் ஒரு வழக்கு நடந்தது. கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 முதல் இரவு 10 வரை மாணவிகள் போனை ஒப்படைக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். ஒரு மாணவி மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அவர் உயர் நீதிமன்றம் போனார். 2019 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும், அவரைத் திரும்பச் சேருங்கள் என்றது நீதிமன்றம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்கள், அதன் மேல்தான் இந்தத் தீர்ப்பு நிற்கிறது. கேரளத் தீர்ப்பு நம் ஊரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் விடுதி வார்டனிடம் பேசப் போகும் பிள்ளை கையில் வைத்துக்கொள்ள அது ஒரு நல்ல தாள்.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பென்னாகரம் பக்கத்துப் பையன், பதினேழரை வயது, நீட் படிக்க ஒரு ஆன்லைன் கோச்சிங். மாதாமாதம் பீஸ் கட்டலாம், பிடிக்கவில்லையென்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்று போனில் பேசியவர் சொல்லியிருக்கிறார். உண்மையில் அது அப்பா பெயரில் போட்ட கடன். 18 முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அப்பா. அவர் தக்காளித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, "ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்று கேட்டு ஓடிபி வாங்கிவிட்டார்கள். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகப் போனது. பையன் படிப்பை நிறுத்திய பிறகும் போனது. 1915-ல் புகார் பதிந்தோம், அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பேசியவரின் வாட்ஸ்அப் செய்திகளையும் சேர்த்து அனுப்பினோம். மீதித் தவணைகளை ரத்து செய்து, கட்டியதில் ஒரு பகுதியையும் திருப்பித் தந்தார்கள். பள்ளி, கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது உண்மைதான். அதே தீர்ப்பு, கோச்சிங் சென்டர்கள் வரும் என்றும் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டாவது பாதியைத்தான் எந்தக் கோச்சிங்காரரும் சொல்ல மாட்டார்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். ஊர் பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஓசூர் ஷிப்ட்:

அக்கா, என் ஊர் அரூர். வேலை ஓசூரில், தங்கியிருப்பது விடுதியில். தம்பி படிப்புக்காக என் சம்பளத்தில் ஒரு டேப்லெட் ஆர்டர் போட்டேன், 11,000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் திரையில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தேன். "ஓடிபி சொல்லி வாங்கிட்டீங்க, இனிமே எங்க பொறுப்பு இல்ல" என்று கம்பெனியில் சொன்னார்கள். மெயில் போட்டால் பதிலே இல்லை. ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 விதிகளில் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு இன்னொரு மெயில் போட்டேன். அதற்குப் பதில் வந்தது, "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று.

சரி, நுகர்வோர் ஆணையத்தில் வழக்கே போடலாம் என்று முடிவு செய்தேன். கம்பெனி இருப்பது வேறு மாநிலத்தில், ஆதார் முகவரி தருமபுரி மாவட்டம், நான் இருப்பது கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கே போடுவது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 34-ஆம் பிரிவில், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ போடலாம் என்று தெளிவாக இருக்கிறது. முன்பிருந்த 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. எங்களைப் போல ஊர் விட்டு ஊர் வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் இது! கிருஷ்ணகிரியிலேயே போட்டேன். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. நுகர்வோர் வழக்குகளைப் பதியும் இ-ஜாக்ரிதி தளத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தே பதிந்தேன். என்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுதினேன், அவ்வளவுதான். சட்ட வார்த்தை ஒன்றும் போடவில்லை.

நோட்டீஸ் போனதும் கம்பெனி வக்கீல் என் நம்பருக்குப் பேசினார், "மேடம்" என்றார். முழுப் பணமும் அலைச்சலுக்காகக் கொஞ்சமும் தந்து முடித்துக்கொண்டார்கள்.

என்னை நோகடித்தது வேறு. ஊரில் அத்தை அம்மாவிடம், "கோர்ட்டு ஏறின பொண்ணுன்னு பேர் வந்தா யார் கட்டுவாங்க" என்று கேட்டிருக்கிறார். மாதம் பிறந்தால் என் சம்பளம் வீட்டுக்குப் போகிறது. தம்பி பீஸ் நான் கட்டுகிறேன். 18 வயதில் ஓட்டுப் போடலாம் என்று அரசியலமைப்பின் 61-ஆவது திருத்தத்தில் கொடுத்துவிட்டார்கள். உடைந்த டேப்புக்குப் புகார் கொடுக்க மட்டும் நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அம்மா அத்தைக்கு என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டில் ரிப்பேரான பிரிட்ஜுக்கு எப்படிப் புகார் எழுதுவது என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஊத்தங்கரை ஆசிரியர்:

மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இரண்டு அனுபவங்களும் மனதுக்கு நிறைவாக இருந்தன. பெற்றோர் பக்கத்தையும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவர்கள் பயம் முழுக்க முட்டாள்தனம் கிடையாது. எங்கள் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், அம்மா மகளிர் குழுவில் வாங்கி வைத்திருந்த பணத்தை ஆன்லைன் சூதாட்டத்தில் விட்டான். மாங்காய் சீசனில் கூலிக்குப் போய் அடைக்க வேண்டிய கடன் அது. அந்த அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று அழுததைப் பார்த்தவன் நான். போனே வேண்டாம் என்று அவர் சொன்னால் என்னால் மறுத்துப் பேச முடியாது.

ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சட்டம் கொஞ்சம் கைகொடுத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் சேரவே கூடாது, நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்று தமிழ்நாடு விதி போட்டது. நிறுவனங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒன்றிய அரசு பண விளையாட்டுகளையே மொத்தமாகத் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. இந்தக் கட்டுப்பாடுகளை இளைஞர் சுதந்திரத்துக்கு எதிரானவை என்று நான் நினைக்கவில்லை. அவை கட்டுவது கடை விரித்தவன் கையை.

எனக்கு ஒப்புதல் இல்லாதது வேறொன்று. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வரை எல்லாரும் குழந்தை. அவர்களின் தகவலைக் கையாள எந்த நிறுவனமானாலும் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது என்கிற பகுதியை இரு கை தூக்கி வரவேற்கிறேன். ஆனால் ஏழு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே அளவுகோலா? எங்கள் ஊர் நிலைமையில் பெற்றோர் ஒப்புதல் என்றால் என்ன நடக்கும்? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரின் போனைத் திறந்து கொடுப்பதே அந்தப் பிள்ளைதான், ஓடிபியைப் படித்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைதான். பென்னாகரத்து அப்பாவிடம் ஒப்புதல் வாங்கிய அழகைத்தான் மேலே படித்தோமே. வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண் தன் உடல்நலம் பற்றி ஏதாவது தேடிப் படிக்க வேண்டியிருந்தால் அவள் யாருடைய ஒப்புதலைக் கேட்பாள்?

அந்த மாணவனின் போனை வாங்கி வைக்கவில்லை. யுபிஐ-யை மட்டும் எடுத்துவிட்டோம். அம்மாவின் வங்கிக் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்தோம். வங்கிக்குப் போய் அதைச் செய்ய வைத்ததே அவன்தான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறான்.

கிருஷ்ணகிரி டிப்ளமோ:

சின்ன விஷயம். விடுதி பாக்கி இருக்கிறது என்று பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காலேஜில் தரவில்லை, என் கூடப் பிறந்த அக்காவுக்கு. வேலைக்குச் சேரும் நாள் நெருங்கிவிட்டது. ஒரிஜினல்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். தமிழ்நாடு முதலமைச்சர் உதவி எண் 1100-லும் புகார் போட்டோம். காலேஜ் ஆபீசிலிருந்து அவர்களே கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பாக்கியைத் தவணையாகக் கட்டுகிறோம். பாக்கி வைப்பது சரி என்று சொல்லவில்லை, மார்க் ஷீட்டை அடகு வைக்க முடியாது, அவ்வளவுதான்.

பாலக்கோடு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன யுபிஐ வரம்பு விஷயத்தைக் கடையில் எழுதி ஒட்டப் போகிறேன்.

தனியாக மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், இங்கேயே பதில் சொல்கிறேன். 18 முடிந்துவிட்டால் நுகர்வோர் புகாரில் நீங்களே மனுதாரர், அப்பா கையெழுத்து வேண்டாம், கணவர் கையெழுத்தும் வேண்டாம். 18 முடியாதவருக்காக அம்மா, அப்பா அல்லது காப்பாளர் போடலாம். அம்மா போட்டாலே போதும், அப்பாவைத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்று இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிடுங்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் வாய்தா இழுக்கும், மனம் தளர வேண்டாம். பில் தொலைந்துவிட்டது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். வங்கி ஸ்டேட்மென்ட், ஆர்டர் வந்த மெசேஜ், பார்சல் மேல் ஒட்டிய லேபிள் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். கடன் ஆப் தொந்தரவு என்றால் எந்த நேரமானாலும் காத்திருக்க வேண்டாம், முதலில் 1930. அதற்கு அப்புறம் வீட்டில் யாரிடம் பேசலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.